ஸகஸு ஒன்று, ஆங்கில வினைகள் பல: ஜப்பானியருக்கு எப்படிச் சொல்லித்தருவது?

#1 நிஷிகசாய்வாசி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அலுவலகத்தில் வேலை முடிந்ததும் ஜப்பானியச் சகாக்கள் சிலர் ஆங்கிலம் பேசிப் பழகுகிறார்கள். நான் கணினிக்காரன், வாத்தியார் இல்லை. ஆனால் ஆங்கிலம் பேசுகிற ஆள் என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். போன வாரம், எதையாவது தொலைத்துவிட்டுத் தேடிய கதை ஒன்று சொல்லுங்கள் என்றேன். வந்த வாக்கியங்களில் சில:

‘ஐ சர்ச்டு மை வாலட் இன் த டிரெயின்.’
‘ஐ சர்ச்டு மை டாட்டர் இன் த டிபார்ட்மென்ட் ஸ்டோர்.’
‘ஐ சாட் மை அம்ப்ரெல்லா.’

மூன்றாவது வாக்கியம் (‘சாட்’ என்பது சீக்கின் இறந்தகாலம்) பழைய காவியத்திலிருந்து வந்த மாதிரி இருந்தது. இரண்டாவதைக் கேட்டதும் சிரிப்பை அடக்க வேண்டியதாயிற்று. கடையில் காணாமல் போன மகளைத் தேடினேன் என்று அந்த அம்மா சொல்ல வந்தார். வாக்கியமோ, மகளைக் கடை நடுவில் நிறுத்திச் சட்டைப்பையெல்லாம் தடவிப் பார்த்தேன் என்கிறது.

ஏன் தப்பு என்று கேட்டார்கள். ‘ஃபார் போடணும்’ என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஜப்பானிய மொழியில் தேடுவதெல்லாமே ஸகஸுதானே? லுக் ஃபார், சர்ச், சர்ச் ஃபார், சீக், ஹண்ட் என்று பிரித்துக்காட்ட எளிய வழி ஏதாவது உண்டா?

(ஸகஸுவின் ‘க’வை ‘பகல்’ என்பதில் வருகிற மாதிரி மென்மையாகப் படியுங்கள்.)

#2 காஞ்சிக்குருவி

வழி அவர்கள் எழுத்திலேயே இருக்கிறது அண்ணா. ஸகஸுவை இரண்டு காஞ்சியால், அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்தால், எழுதலாம். இரண்டிலும் இடப்பக்கம் ‘கை’ உறுப்பு இருக்கும். சீன ஒலிப்பில் ஒன்றுக்கு ‘தன்’, மற்றதற்கு ‘ஸோ’. இந்தத் தளத்தில் காஞ்சி எழுதினால் சிலருக்குக் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. அதனால் தன் எழுத்து, ஸோ எழுத்து என்றே சொல்கிறேன்.

வேண்டியதைத் தேடினால் தன்: வேலை, வீடு, பரிசுப்பொருள். இருந்தது காணாமல் போய்த் தேடினால் ஸோ: தொலைந்த பர்ஸ், ஓடிப்போன நாய், தப்பிய குற்றவாளி. ஜப்பானியச் செய்தித்தாள்களும் இப்படித்தான் எழுதுகின்றன. போலீஸ் விசாரணை ஸோஸா, தேடுதல் படை ஸோஸாக்குதை. எல்லாமே ஸோ.

ஆகவே தன் என்றால் லுக் ஃபார், ஸோ என்றால் சர்ச். மனத்தில் ஒட்டிக்கொள்ளும். என் மாணவர்களுக்கு இப்படித்தான் சொல்கிறேன்.

#3 பழைய வாத்தியார்

குருவி, எழுத்து விளக்கம் சரி. அதிலிருந்து எடுத்த முடிவு சரியில்லை. கன்சாயில் ஒரு கல்லூரியில் வெகுகாலம் இதே பாடத்தை நடத்தியவன் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானிய எழுத்துப் பிரிவு கேட்பது ஒரே கேள்வி: அந்தப் பொருள் முன்பு உன்னிடம் இருந்ததா, இல்லையா? ஆங்கிலம் அதைக் கேட்பதே இல்லை. தொலைந்த சாவிக்கும் லுக் ஃபார், புது வேலைக்கும் லுக் ஃபார். வினைக்கு அடுத்தாற்போல் நிற்பது எது என்பதுதான் ஆங்கிலத்தின் கேள்வி. தேடப்படும் பொருளா, தேடுகிற இடமா?

சர்ச் என்ற வினை நேராக எடுப்பது இடத்தை. அறை, பை, காடு, வீடு, ஒருவருடைய உடம்பு. தேடப்படும் பொருள் ‘ஃபார்’ என்ற சொல்லின் பின்னால்தான் வரும். ‘சர்ச் த ரூம் ஃபார் த கீ.’ இடத்தைச் சொல்லாமல் விட்டால் ‘சர்ச் ஃபார் த கீ’ என்றாகும், எங்கெல்லாமோ துழாவினேன், சாவிக்காக என்று பொருள். ‘ஃபார்’ போய்விட்டால் சாவியே இடமாகிவிடும். சாவிக்குள் எதையோ தேடினீர்கள் என்று அர்த்தம். நிஷிகசாய் நண்பரின் சகா மகளை இடமாக்கியது இப்படித்தான்.

ஜப்பானியர் ஏன் ‘ஃபார்’ விடுகிறார்கள்? ஸகஸுவுக்கு முன்னால் ‘ஓ’ உருபு வரும். நம் இரண்டாம் வேற்றுமை ‘ஐ’ போல. ‘ஸைஃபு ஓ ஸகஸு’, பர்ஸைத் தேடு. ‘ஓ’ வந்த இடத்தில் ஆங்கிலச் செயப்படுபொருளை நட்டால் ‘சர்ச் த வாலட்’ வந்து நிற்கிறது. லுக் ஃபாரில் இந்தத் தப்பு வருவதில்லை. பள்ளியிலேயே ‘லுக் ஃபார் என்றால் ஸகஸு’ என்று இரண்டு சொல்லையும் ஒட்டியே மனப்பாடம் செய்திருப்பார்கள். சர்ச் மட்டும் தனியாக வந்து மாட்டிக்கொள்கிறது.

சர்ச்சின் வேரும் இதற்குத் துணை. சுற்றிவருதல் என்று பொருள்படும் பிற்கால லத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. சர்க்கிள், சர்க்கஸ் எல்லாம் அந்தக் குடும்பம்தான். சுற்றிவருவது இடத்தைத்தானே? (அதே வேரிலிருந்து வந்த பிரெஞ்சு ‘ஷெர்ஷே’ இன்று பொருளை நேராகவே எடுக்கிறது என்று யாராவது வருவீர்கள். தெரியும். வேர் காரணம் சொல்லும், சட்டம் போடாது.)

கடைசியாக, ஜப்பானியர் கைக்கு எட்டிய ஓர் எடுத்துக்காட்டு. 1947 மே 3 அன்று நடைமுறைக்கு வந்த அவர்கள் அரசமைப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு. வீடு, ஆவணம், உடைமை ஆகியவற்றில் ஆணையில்லாமல் நுழைவதிலிருந்தும் சோதனையிடுவதிலிருந்தும் பறிமுதல் செய்வதிலிருந்தும் காப்பு தருகிறது. ஆங்கில வடிவத்தில் அங்கே ‘சர்ச்சஸ்’ என்று இருக்கிறது. சர்ச்சுக்கு ஆளாவது வீடும் காகிதமும். அதற்குள் இருக்கும் பொருளைத் தேடுவது வேறு கதை. 1791இல் வந்த அமெரிக்க நான்காம் திருத்தத்திலும் இதே சொல், இதே பொருள்.

#4 ஒசாகா இட்லி

அப்படியானால் ‘ஹேயா ஓ ஸகஸு’ என்றால் என்ன ஐயா? வாடகைக்கு அறை பார்ப்பதா, அறைக்குள் துழாவுவதா?

நான் ஒசாகா வந்த புதிதில் அறை பிடிக்க அலைந்தபோது ஒரு முகவர் ஆங்கிலத்தில் ‘யூ சர்ச் ரூம்?’ என்றார். அறையைச் சோதனை போட வந்தவன் மாதிரி விழித்தேன்.

#5 பழைய வாத்தியார்

இட்லி, நல்ல கேள்வி. இரண்டுமே ஆகலாம். பெரும்பாலும் வாடகை அறைதான். அறைக்குள் துழாவியதைச் சொல்ல வேண்டுமென்றால் ‘ஹேயா நொ நாக்கா ஓ’, அதாவது அறையின் உள்ளை என்றோ, ‘ஹேயாஜூ ஓ’, அறை முழுவதையும் என்றோ சேர்த்துக்கொள்வார்கள். ஆக ‘ஓ’ இடத்தையும் எடுக்கும், பொருளையும் எடுக்கும். அவர்கள் மொழியில் சூழல் பார்த்துக்கொள்கிற வேலையை ஆங்கிலத்தில் அந்தச் சின்ன ‘ஃபார்’ செய்கிறது.

#6 காஞ்சிக்குருவி

ஐயா என் கட்சிக்கே சாட்சி சொல்லிவிட்டார். 35ஆம் பிரிவின் ஜப்பானிய மூலத்தில் ‘சர்ச்சஸ்’ இருக்கும் இடத்தில் என்ன சொல் தெரியுமா? ஸோஸாக்கு! ஸோ எழுத்துதான். வீட்டுச் சோதனை ‘கதாக்கு ஸோஸாக்கு’, மலையில் வழி தவறியவரைத் தேடுவதும் ஸோஸாக்கு. ஆங்கிலத்திலும் சர்ச் வாரன்ட், சர்ச் பார்ட்டி, சர்ச் அண்ட் ரெஸ்க்யூ. அப்புறம் எப்படி என் விதி தப்பு?

#7 பழைய வாத்தியார்

கூட்டுச்சொல்லில் ஒத்துப்போகிறது, மறுக்கவில்லை. போலீஸும் மீட்புப்படையும் செய்கிற வேலைக்கு இரண்டு மொழியிலும் கனமான சொல் வேண்டும், அவ்வளவுதான். தனி வினையாக வரட்டும், பார்க்கலாம்.

தொலைந்த பர்ஸை ஸோ எழுத்துப் போட்டு ஸகஸு என்று எழுதுவார்கள். உங்கள் விதிப்படி அது சர்ச். மாணவர் என்ன எழுதுவார்? ‘ஐ சர்ச்டு மை வாலட்.’ இந்த இழையே அந்த வாக்கியத்தில்தான் தொடங்கியது! மறுபக்கம், வேலை தேடுவது தன் எழுத்து. ஆங்கிலத்தில் ‘ஜாப் சர்ச்’ என்பது அன்றாடச் சொல். உண்மையைத் தேடுவதும் தன்தான், ‘தன்கியூ’. ஆங்கிலத்தில் ‘சர்ச் ஃபார் ட்ரூத்’. ரியூகு சிறுகோளின் மண்ணை 2020 டிசம்பரில் பூமிக்கு அனுப்பிவைத்த ஹயபுசா 2 விண்கலம், ஜப்பானிய மொழியில் ‘தன்ஸாக்கி’. அதை லுக் ஃபார் இயந்திரம் என்பீர்களா? எக்ஸ்ப்ளோரர் என்கிறார்கள், ப்ரோப் என்கிறார்கள். துப்பறிகிறவர் ‘தன்தேய்’. அவரும் தன்தான், ஆனால் அவர் பிழைப்பே துப்புக்காக இடம் இடமாகச் சர்ச் செய்வது.

#8 காஞ்சிக்குருவி

விதிவிலக்கு இல்லாத விதி எங்கே இருக்கிறது ஐயா. தொடக்கநிலை மாணவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு வேண்டும், பிறகு அவர்களே விட்டுவிடுவார்கள். எனக்கு அது வேலை செய்கிறது.

#9 எதோகவா அம்மா

குருவித் தம்பி, கொம்பே உளுத்திருந்தால் பிடித்தவன் விழமாட்டானா?

நான் வீட்டில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். எனக்குக் கைகொடுத்தது வேறு வழி. நம் தமிழை நினைத்துப் பாருங்கள். போலீஸ் திருடனைத் தேடுகிறது என்போம். போலீஸ் வீட்டைத் தேடியது என்போமா? வீட்டைச் சோதனை போட்டது என்போம். விமான நிலையத்தில் பெட்டியைச் சோதனை போடுவார்கள், தேடமாட்டார்கள். பைக்குள் கையை விட்டால் பையைத் துழாவினேன் என்போம். ஆக ‘ஃபார்’ இல்லாத சர்ச் நமக்குத் தேடுவதே இல்லை, சோதனை, துழாவல்.

ஜப்பானியப் பிள்ளைகளுக்கும் இதைத்தான் செய்கிறேன். சர்ச்சை ஸகஸு என்று எழுதவே விடமாட்டேன். ‘ஷிராபேரு’ என்று எழுதச் சொல்வேன். ஷிராபேரு என்றால் ஆராய்ந்து பார்ப்பது, சோதித்துப் பார்ப்பது. பையை ஷிராபேரு, அறையை ஷிராபேரு, ஆளை ஷிராபேரு. எல்லாம் இடம்தான். ‘ஐ சர்ச்டு மை டாட்டர்’ என்று எழுதினால், மகளை ஷிராபேரு செய்தாயா என்று கேட்பேன். உடனே சிரிப்பு வந்துவிடும். சிரித்துவிட்டால் ‘ஃபார்’ தானாக வருகிறது.

#10 பழைய வாத்தியார்

அம்மா, இதைத்தான் நான் இவ்வளவு நீட்டி முழக்கியும் சொல்லாமல் விட்டேன். ‘போலீஸ் சர்ச்டு த மேன்’, ‘போலீஸ் சர்ச்டு ஃபார் த மேன்’. முதல் வாக்கியத்தில் ஆள் கையைத் தூக்கிக்கொண்டு எதிரே நிற்கிறான். இரண்டாவதில் ஆளே இல்லை. வகுப்பில் இந்த இரண்டையும் நடித்துக்காட்டச் சொல்லுங்கள், போதும்.

#11 உரைமாற்றி

சீக்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்குச் சோறு போடுகிற சொல் அது. ஜப்பானிய நிறுவனங்களின் அறிவிப்பு, ஒப்பந்தம், வேலை விளம்பரம் ஆகியவற்றை ஆங்கிலமாக்குகிறேன்.

சீக்கை ஸகஸுவோடு இணைக்கவே கூடாது. அதன் ஜோடி ‘மொதொமேரு’, நாடுதல், வேண்டுதல். அனுமதி, ஆலோசனை, புகலிடம், நஷ்டஈடு, நீதி. கையால் தொட முடியாதவைதான் பெரும்பாலும் சீக்கோடு வரும். குடை வராது. ‘ஐ சாட் மை அம்ப்ரெல்லா’ இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் அந்தக் குடைக்காக அவர் ஏழு கடல் தாண்டியிருக்க வேண்டும்.

மொதொமேருவின் காஞ்சிக்குச் சீன ஒலிப்பு ‘கியூ’. அதை வைத்து ஜப்பானியருக்கு எளிதாக விளக்கலாம். கியூஜின் என்றால் ஆள் தேவை. கியூஷொக்கு என்றால் வேலை நாடுதல். கியூகொன் என்றால் திருமணம் வேண்டுதல், அதாவது என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்பது. அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு 1990 முதல் ஹலோ வர்க் என்று செல்லப்பெயர். அங்கே போனால் சுவரெல்லாம் கியூ எழுத்துதான். ஆங்கிலத்திலும் வேலை நாடுகிறவர் ‘ஜாப் சீக்கர்’. அரசுப் படிவத்தில் அப்படித்தான் இருக்கும். அதே ஆள் நண்பனிடம் ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார் எ ஜாப்’ என்பார். ‘ஐ ஆம் சீக்கிங் எ ஜாப்’ என்று குடிக்கும்போது சொன்னால் கூட இருப்பவர் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்.

வேலை விளம்பரத்தில் இன்னொரு சிக்கல். ஜப்பானியக் கடைக் கதவில் ‘ஸ்டாஃப் பொஷூ’ என்று ஒட்டியிருப்பார்கள், ஆள் திரட்டுகிறோம் என்று. அகராதி பார்த்துச் சிலர் ‘வி ஆர் சர்ச்சிங் ஸ்டாஃப்’ என்று போட்டுவிடுகிறார்கள். ஊழியர்களைத் தினமும் சோதனை போடும் கடை என்று படித்தால் யார் விண்ணப்பிப்பார்கள்? ‘வி ஆர் லுக்கிங் ஃபார்’ என்றால் நட்பாக இருக்கும், ‘வி ஆர் சீக்கிங்’ என்றால் கோட்டு போட்ட அலுவலகம். கதவில் ஒட்டுவதற்கு ‘நவ் ஹயரிங்’ போதும்.

செய்தித்தாள் தலைப்பைப் பார்த்து மட்டும் கற்கச் சொல்லாதீர்கள். அங்கே சீக், ஹண்ட், ப்ரோப் என்று சின்னச் சொற்களாகத் தேடிப் போடுவது இடம் மிச்சப்படுத்த. ‘போலீஸ் ஹண்ட் கன்மேன்’ என்பது தலைப்பு மொழி. பேச்சில் அப்படி யாரும் சொல்வதில்லை.

#12 நிஷிகசாய்வாசி

அம்மா சொன்ன ஷிராபேரு வழி அருமை. இன்று மதியமே ஒருவரிடம் சோதித்தேன், பிடித்துக்கொண்டார். ஆனால் உடனே திருப்பிக் கேட்டார்: ‘சொல்லை அகராதியில் பார்ப்பதும் ஷிராபேருதானே? அப்படியானால் சர்ச் த வர்டா? கூகுளில் சர்ச் செய்தேன் என்கிறீர்களே, அங்கே ஃபார் எங்கே?’

மாட்டிக்கொண்டேன்.

#13 நிரல்பூச்சி

கணினிப் பக்கம் நான் வருகிறேன்.

தேடுபொறியில் விதி கொஞ்சம் ஆட்டம் காண்கிறது, உண்மைதான். முறையாகச் சொன்னால் ‘சர்ச் கூகுள் ஃபார் ராமென் ஷாப்ஸ்’. இடம் கூகுள், பொருள் ராமென் கடை, வாத்தியார் ஐயாவின் விதிக்கு அப்படியே பொருந்தும். தரவுத்தளத்துக்கும் அதேதான். ஆனால் பெட்டிக்குள் தட்டுகிற சொல்லையே செயப்படுபொருளாக்கி ‘ஐ சர்ச்டு யுவர் நேம்’ என்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இன்று சொல்கிறார்கள். இளசுகள் ‘சர்ச் இட் அப்’ என்பதும் உண்டு, லுக் அப்பையும் சர்ச்சையும் சேர்த்து அரைத்தது. ஜப்பானிய மொழியில் இந்த இடத்துக்குப் பெரும்பாலும் ஸகஸு வருவதில்லை. ‘கென்ஸாக்கு’ என்பார்கள், இல்லையென்றால் ‘குகுரு’, கூகுளையே வினையாக்கியது. ஆங்கிலத்திலும் கூகுள் வினையாகி 2006இலேயே மெரியம் வெப்ஸ்டர் அகராதிக்குள் போய்விட்டது. ஆகவே தப்பிக்க வழி: ‘ஐ கூகுள்டு இட்’. ஃபார் தேவையில்லை, சண்டையும் இல்லை.

அகராதிக்கு லுக் அப். ‘லுக் அப் த வர்ட் இன் த டிக்ஷனரி.’ தொலைபேசி எண், ரயில் நேரம், விலை என்று ஏற்கெனவே எங்கோ ஒழுங்காக எழுதி வைத்திருக்கும் தகவலுக்கு இது. ஜப்பானியர் அகராதியை ‘ஹிகு’ என்பார்கள், இழு என்கிற அதே வினை. நாம் புரட்டுகிறோம், அவர்கள் இழுக்கிறார்கள். ‘ஹிகு என்றால் லுக் அப்’ என்று சொல்லிக்கொடுங்கள், அப்புறம் குழப்பமே வராது. ‘லுக் ஃபார் த வர்ட் இன் த டிக்ஷனரி’ என்றால் அந்தச் சொல் அகராதியில் இருக்கிறதா என்றே சந்தேகம் என்ற தொனி வந்துவிடும்.

#14 பழைய வாத்தியார்

‘சர்ச் யுவர் நேம்’ பேச்சில் ஓடுகிறது, சரி. தேர்வில் எழுதச் சொல்லிக்கொடுக்காதீர்கள். திரைக்கு வெளியே கால் வைத்ததும் அது செல்லாது. பெயரைப் பெட்டியில் சர்ச் செய்யலாம், மேசைக்கடியில் விழுந்த பேனாவைச் செய்ய முடியாது.

#15 ஒசாகா இட்லி

எல்லோரும் ஹண்ட்டை மறந்துவிட்டீர்களே. குளிர்காலம் முடிகிற சமயம் இங்கே ஊருக்கு ஊர் ‘இச்சிகொகரி’ பலகை வைப்பார்கள். தோட்டத்துக்குள் போய், காசு கட்டி, நாமே ஸ்ட்ராபெரி பறித்து அங்கேயே தின்பது. அதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ராபெரி ஹண்டிங்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கரி என்றால் வேட்டை, ஆகவே ஹண்டிங்! ஓடுகிற ஸ்ட்ராபெரியைத் துரத்திப் பிடிப்பதாகத் தோன்றாதா? ‘பிக்கிங்’ என்று எழுத வேண்டியது.

‘மொமிஜிகரி’ இன்னும் மோசம். சிவந்த மேப்பிள் இலையைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது. பறிப்பதுகூட இல்லை.

#16 உரைமாற்றி

இதில் வேடிக்கை, காளானுக்கு மட்டும் ‘மஷ்ரூம் ஹண்டிங்’ நல்ல ஆங்கிலம். காளான் இலை மறைவில் ஒளிந்திருக்கும், இருக்குமா இருக்காதா தெரியாது, அலைய வேண்டும். ஸ்ட்ராபெரி வரிசையாகத் தொங்கிக்கொண்டு நம்மைப் பார்க்கிறது. ஹண்ட் போடலாமா என்பதற்கு இதுவே அளவுகோல்: கிடைப்பது நிச்சயமில்லை, அலைச்சல் உண்டு, கிடைத்தால் ஒரு வெற்றி. ஜாப் ஹண்டிங், ஹவுஸ் ஹண்டிங், பார்கெய்ன் ஹண்டிங். கல்லூரி முடிக்கும் பிள்ளைகள் கறுப்புச் சூட்டு போட்டுக்கொண்டு நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்கும் ‘ஷூகாட்சு’ அச்சு அசல் ஜாப் ஹண்டிங். அதைப் பார்த்துச் செய்த ‘கொன்காட்சு’, வரன் தேடும் நடவடிக்கை, 2008 வாக்கில் பரவிய சொல். அதற்கு ‘மேரேஜ் ஹண்டிங்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. கேட்டால் மாப்பிள்ளை ஓடிவிடுவார். ‘லுக்கிங் ஃபார் எ பார்ட்னர்’ என்று தணிவாக எழுதிவிடுவேன்.

#17 எதோகவா அம்மா

கைக்குத் தட்டுப்படுகிறதா என்று தடவித் தேடுவது ‘ஸகுரு’. அதற்கு அகராதியில் ‘க்ரோப்’ என்று போட்டிருக்கும். பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்காதீர்கள். இங்கே ரயிலில் பெண்களிடம் அத்துமீறுவதற்கு எதிரான ஆங்கில எச்சரிக்கையில் அதே சொல்தான் இருக்கிறது. இருட்டில் சுவிட்சைத் தடவினேன் என்பதற்கு ‘ஐ ஃபெல்ட் ஃபார் த ஸ்விட்ச்’ போதும். இங்கேயும் ஃபார் வருகிறது பாருங்கள்.

தேடுதல் ஒரு பக்கம் என்றால், கிடைக்காத கதையிலும் தவறுகிறார்கள். ‘மிட்சுகரு’ என்பது தானாகக் கிடைப்பது, ‘மிட்சுகெரு’ என்பது நாம் கண்டுபிடிப்பது. ‘மிட்சுகராநகத்தா’, கிடைக்கவில்லை என்றுதான் வாயில் வரும், நமக்கும் அப்படியே. அதை ‘இட் வாஸ் நாட் ஃபவுண்ட்’ என்று மாற்றினால் போலீஸ் அறிக்கை மாதிரி இருக்கிறது. ‘ஐ குடின்ட் ஃபைண்ட் இட்’ என்று ஆளைக் கொண்டுவந்துவிட வேண்டும். இன்னொன்று ‘ஐ ஆம் ஃபைண்டிங் மை கீ’. ஃபைண்ட் என்பது கையில் அகப்படுகிற அந்த நொடி, அதை நீட்ட முடியாது. தேடிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் லுக்கிங் ஃபார்.

பாடத்துக்கு நல்ல களம் வேண்டுமா? ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள் விசாரிக்கும் சன்னல். ‘வசுரெமொனோ’ என்பார்கள், மறந்த பொருள். அதனால் எல்லாப் பிள்ளையும் ‘ஐ ஃபர்காட் மை அம்ப்ரெல்லா இன் த டிரெயின்’ என்றே ஆரம்பிக்கும். இடம் சொன்னால் ‘லெஃப்ட்’ வர வேண்டும்: ‘ஐ லெஃப்ட் மை அம்ப்ரெல்லா ஆன் த டிரெயின்.’ அப்புறம் ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார் எ ப்ளூ அம்ப்ரெல்லா’. சன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அலமாரியைச் சர்ச் செய்வார், கணினியில் லுக் அப் செய்வார், கடைசியில் ஃபைண்ட் பண்ணுவார் அல்லது மாட்டார். ஒரே காட்சியில் நான்கு வினையும் அதனதன் இடத்தில் வந்துவிடும். தோக்கியோ போலீஸின் தொலைந்த பொருள் மையம் ஈதாபாஷியில் இருக்கிறது. 2019இல் தோக்கியோவில் மட்டும் 40 லட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் ஒப்படைக்கப்பட்டன. சட்டப்படி 3 மாதம் வைத்திருப்பார்கள், குடை போன்றவற்றை 2 வாரத்திலேயே விற்றுவிட இடமுண்டு. இதையும் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அவசரம் புரியும், நிகழ்காலத் தொடரும் வரும்.

#18 காஞ்சிக்குருவி

அக்கா, அந்த சன்னல் காட்சியை எடுத்துக்கொள்கிறேன். (என் விதியை இன்னும் விடவில்லை.)

ஒரு சந்தேகம். கால்பந்து வீரர் நகாதா 2006இல் ஓய்வு அறிவித்தபோது, புதிய தன்னைத் தேடும் பயணம் என்று எழுதினார். ‘ஜிபுன் ஸகஷி’, தன்னைத் தேடல். என் மாணவர் அதை ‘சர்ச் மைசெல்ஃப்’ என்று எழுதினார். அம்மா வழியில் பார்த்தால் தன் சட்டைப்பையைத் தானே துழாவுவது. ‘சர்ச் ஃபார் மைசெல்ஃப்’ சரியா?

#19 உரைமாற்றி

இலக்கணம் சரி, கொஞ்சம் முறுக்கு. தனக்காகத் தேடுகிறான் என்றும் படிக்கலாம். வழக்கமாகச் சொல்வது ‘ஃபைண்ட் மைசெல்ஃப்’. தேடலை விட்டுவிட்டுக் கண்டடைவதைச் சொல்கிறது ஆங்கிலம். மனச்சாட்சியோடு பேசிப் பார்ப்பது என்றால் ‘சோல் சர்ச்சிங்’. அங்கே ஆன்மாதான் சோதனை போடப்படும் இடம்.

‘சர்ச் மீ’ என்று யாராவது சொன்னால் சட்டைப்பையில் கையை விட்டுவிட வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். எனக்கென்ன தெரியும் என்று அர்த்தம்.

#20 நிஷிகசாய்வாசி

அடுத்த வாரத்துக்கு இப்படி வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். வாக்கியங்களை ஜப்பானிய மொழியில் கொடுத்துவிடுவேன், ஆங்கிலத்தில் அவர்கள் சொல்ல வேண்டும்.

விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். (சர்ச்)
பெட்டி வரவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன். (லுக் ஃபார்)
மலையில் காணாமல் போனவரை இரவு முழுவதும் தேடினார்கள். (சர்ச் ஃபார்)
வழக்கறிஞரின் ஆலோசனையை நாடினேன். (சீக்)
கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்தேன். (லுக் அப்)
மலிவாக வீடு பிடிக்க ஊரெல்லாம் அலைகிறோம். (ஹண்ட்)

#21 பழைய வாத்தியார்

நன்றாக இருக்கிறது. மூன்றாவதில் இன்னொரு வடிவத்தையும் சொல்ல வையுங்கள்: ‘தே சர்ச்டு த மவுண்டன் ஃபார் ஹிம்.’ மலையும் ஆளும் அடுத்தடுத்து வந்தால்தான் ‘ஃபார்’ எதற்கு என்று வாய் கற்றுக்கொள்ளும்.

சீக்கைக் கடைசியில் வையுங்கள். முதல் நாளே கொடுத்தால் அந்த வாரம் முழுக்க எல்லோரும் கழிப்பறையை சீக் பண்ணுவார்கள்.

#22 எதோகவா அம்மா

நிஷிகசாய் தம்பி, கடைக்காட்சி ஒன்றும் சேர்த்துக்கொள். இங்கே கடைக்குள் நுழைந்தாலே ‘நானிகா ஒஸகஷி தெஸ் கா’ என்று கேட்பார்களே, அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல். ‘ஆர் யூ சர்ச்சிங் ஃபார் சம்திங்?’ என்றால் வந்தவர் வாழ்க்கையின் பொருளைத் தேடி வந்த மாதிரி ஆகிவிடும். ‘ஆர் யூ லுக்கிங் ஃபார் எனிதிங்?’ போதும். உன் குழுவில் கடைப்பக்கம் வேலை பார்த்தவர் யாராவது இருந்தால் அவரையே கேட்க வை.